பதினோரு மணி பன்

காலை பதினொன்றுக்கு பெங்களூரின் எந்தப் பேட்டையிலும் ஒரு பேக்கரி முன்னால் பத்துப் பேராவது நின்றுகொண்டிருப்பார்கள். சுண்ணாம்பு காய்ந்த கையோடு ஒரு பெயின்டர், காக்கிச் சட்டையில் ஆட்டோ டிரைவர், பக்கத்துக் கட்டடத்தில் டைல்ஸ் ஒட்டும் மேஸ்திரியும் அவருடைய ஆளும், முதுகில் பெரிய சதுரப் பையோடு உணவு டெலிவரி செய்யும் பையன், கழுத்தில் அடையாள அட்டை தொங்கும் கம்ப்யூட்டர் கம்பெனி ஊழியர். உட்கார இடம் கிடையாது. கண்ணாடி அலமாரியின் மேல்தட்டுதான் மேஜை.

கடைக்காரர் ஒரு பன்னை எடுத்து கத்தியால் குறுக்கே பிளக்கிறார். இரண்டு பக்கமும் தாராளமாக வெண்ணெய் தடவுகிறார். தோல் நீக்கி இரண்டாக உடைத்து, மிளகாய்த் தூளும் பெருங்காயமும் கறிவேப்பிலையும் போட்டுப் புரட்டிய வேர்க்கடலையை ஒரு கை அள்ளி உள்ளே வைத்து மூடுகிறார். காகிதத்தில் வைத்து நீட்டுகிறார். கூடவே அரை டம்ளர் டீ. இதற்குப் பெயர் காங்கிரஸ் பன்.

பெயரில் அரசியல் இருக்கிறது. 1969 ஜூலையில் பெங்களூரில் கூடிய காங்கிரஸ் கூட்டத்தில்தான் இந்திரா காந்திக்கும் 'சிண்டிகேட்' தலைவர்களுக்கும் இடையிலான மோதல் வெளிப்படையாக வெடித்தது. அந்த ஆண்டு முடிவதற்குள் கட்சி இரண்டாக உடைந்தது. இரண்டாக உடைந்த கடலைக்கு ஊர்க்காரர்கள் அந்தப் பெயரையே வைத்துவிட்டார்கள் என்பது பெங்களூரில் சொல்லப்படும் கதை. கதை உண்மையோ இல்லையோ, பெயர் ஒட்டிக்கொண்டது. சிண்டிகேட்டை இன்று நினைவில் வைத்திருப்பவர்கள் குறைவு. கடலைக்கு மட்டும் மவுசு குறையவில்லை.

இந்த பன்னை விற்கும் கடையைத் தமிழ் வாசகர்களுக்கு அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. ஓசூரிலிருந்து நாகர்கோவில் வரை பஸ் நிற்கும் இடங்களில் எல்லாம் 'பெங்களூர் ஐயங்கார் பேக்கரி' என்ற பலகை தொங்குகிறது. (தமிழ்நாட்டில் அந்தப் பலகைக்குக் கீழே முட்டை பப்ஸும் கிடைக்கும் என்பது வேறு விஷயம்.) அந்தப் பெயர் எப்படி வந்தது என்பதில் ஒரு நூற்றாண்டுச் சரித்திரம் இருக்கிறது.

1809-ல் பிரிட்டிஷார் பெங்களூரில் கண்டோன்மென்ட் அமைத்த பிறகு, ஊர் இரண்டாகப் பிரிந்து கிடந்தது. கிழக்கே சிப்பாய்களும் துரைமார்களும், அவர்களுக்கு வேலை செய்ய மதராஸ் மாகாணத்திலிருந்து வந்த தமிழர்களும். மேற்கே சிக்பேட், பளேபேட் என்று கன்னடம் பேசும் பழைய பேட்டை. ரொட்டி கண்டோன்மென்ட்டின் உணவு. பேட்டையில் இருந்தவர்களுக்கு, குறிப்பாக ஆசாரம் பார்ப்பவர்களுக்கு, அது ஆகாத பொருள். புளிக்க வைக்க ஏதோ சேர்ப்பார்கள், முட்டை இருக்கும், யார் கை பட்டதோ என்று பல சந்தேகங்கள்.

ஹாசன் மாவட்டத்திலிருந்து வந்த திருமலாச்சார் என்ற ஐயங்கார், 1898-ல் சிக்பேட்டில் ஒரு பேக்கரியைத் தொடங்கினார். பெயர் பெங்களூர் பிரதர்ஸ் பேக்கரி. சுருக்கமாக பி.பி. பேக்கரி. ஏற்கெனவே இனிப்புக் கடை வைத்திருந்த அவருக்கு ஒரு வெள்ளைக்கார வாடிக்கையாளர் ரொட்டி சுடக் கற்றுக்கொடுத்தார் என்று சொல்வார்கள். ரொட்டியில் முட்டை இல்லை, சுட்டவர் ஐயங்கார். இரண்டு சந்தேகங்களும் ஒரே அடியில் தீர்ந்தன. பேட்டை ரொட்டி சாப்பிட ஆரம்பித்தது.

அதற்குப் பிறகு ஹாசன் பக்கத்து கிராமங்களிலிருந்து உறவினர்கள் ஒவ்வொருவராக வந்தார்கள். மாமன் கடையில் மாவு பிசைந்து தொழில் கற்று, அடுத்த பேட்டையில் தனிக் கடை போடுவது வழக்கமாயிற்று. இவர்களில் பலர் ஹெப்பார் ஐயங்கார்கள். வீட்டில் பேசுவது கன்னடம் கலந்த ஒரு பழைய தமிழ். ஆக, கன்னட நாட்டின் தலைநகருக்கு ரொட்டியைப் பழக்கியவர்கள் வீட்டுக்குள் ஒரு வகைத் தமிழ் பேசியவர்கள். இன்று அந்தப் பலகையின் கீழ் கடை நடத்துபவர்களில் எல்லாரும் ஐயங்கார்கள் அல்ல. ஜாதிப் பெயர் ஒரு சமையல் முறையின் பெயராகிவிட்டது. முன்பு 'யார் சுட்டது?' என்று கேட்டுவிட்டுச் சாப்பிட்ட ஊரில் இன்று அந்தக் கேள்வி பன் வாங்குபவர்களிடம் அநேகமாக எழுவதில்லை. பேக்கரி செய்த காரியங்களில் இது சின்னதல்ல.

அந்தப் பேக்கரிகள் வெள்ளைக்காரரின் பண்டத்தை அப்படியே விற்கவில்லை. மாவிலேயே பச்சை மிளகாய், வெங்காயம், கொத்தமல்லியைப் பிசைந்து கார பன் செய்தார்கள். ரொட்டியைக் கல்லில் போட்டு, காரட்டும் வெங்காயமும் வதக்கிய மசாலாவைப் பரப்பி டோஸ்ட் ஆக்கினார்கள். தேங்காயும் டூட்டி ஃப்ரூட்டியும் அடைத்து தில்பசந்த் வந்தது. வி.வி.புரத்தில் 1950-களிலிருந்து நடக்கும் வி.பி. பேக்கரி போன்ற கடைகளில் வெண்ணெயும் காங்கிரஸ் கடலையும் பன்னுக்குள் புகுந்து, பெங்களூருக்கென்றே ஒரு சாண்ட்விச் உருவாயிற்று.

பதினோரு மணிக்கும் இந்த பன்னுக்கும் என்ன சம்பந்தம்? பதில் வயிற்றில் இருக்கிறது. ஒன்பது மணிக்கு இட்லி சாப்பிட்டுவிட்டு பத்து மணிக்கு நாற்காலியில் உட்காருபவருக்குப் பதினோரு மணிக்கு பசிக்காது. அவருக்கு டீ போதும். விடிவதற்கு முன் எழுந்து, இரண்டு பஸ் மாறி, எட்டு மணிக்கு சாரத்தில் ஏறியவருக்குக் காலையில் சாப்பிட்டது பத்தரைக்கே தீர்ந்துவிடும். மதியச் சாப்பாடு ஒன்றரைக்கோ இரண்டுக்கோ. நடுவில் இருக்கும் மூன்று மணி நேரத்துக்கு டீயும் பிஸ்கெட்டும் காணாது. நூறு கிராம் வேர்க்கடலையில் சுமார் 25 கிராம் புரதமும் அதைப்போல இரு மடங்கு கொழுப்பும் இருக்கின்றன. அதனோடு வெண்ணெயும் மைதாவும் சேர்ந்தால் மூட்டை தூக்கத் தெம்பு வரும். டாக்டர்கள் முகம் சுளிக்கலாம். கலவை சட்டி சுமப்பவர் சுளிப்பதில்லை.

கிராமத்தில் இதற்கு ஏற்பாடு இருந்தது. விடியலில் ஏர் பூட்டியவருக்கு வெயில் ஏறும் நேரத்தில் வரப்புக்குக் கஞ்சிக் கலயம் வரும். பழைய சோறு, சின்ன வெங்காயம், பச்சை மிளகாய். பழைய மைசூர்ப் பகுதியில் கேழ்வரகுக் களியும் அம்பலியும். மர நிழலில் உட்கார்ந்து சாப்பிட்டு, வெற்றிலை போட்டு, கொஞ்சம் ஊர்க்கதை பேசி எழுந்திருப்பார்கள். திருவண்ணாமலையிலிருந்தும் தர்மபுரியிலிருந்தும் ராய்ச்சூரிலிருந்தும் கட்டட வேலைக்கு பெங்களூர் வந்தவர்களுக்கு அந்தப் பசி மாறவில்லை. கலயமும் மர நிழலும்தான் ஊரிலேயே தங்கிவிட்டன. கலயத்தின் இடத்தைப் பிடித்தது பன். நிழலின் இடத்தை எதுவும் பிடிக்கவில்லை.

இதே பசியை உலகத்தின் இன்னொரு மூலையில் எப்படிக் கொண்டாடுகிறார்கள் என்று பார்த்தால் வித்தியாசம் புரியும். ஸ்பெயினின் கிழக்குக் கரையில் வலென்சியா என்ற பகுதி. ஆரஞ்சுத் தோட்டங்களுக்கும் நெல் வயல்களுக்கும் பேர்போனது. அங்கே காலை ஒன்பதரைக்கும் பதினொன்றுக்கும் நடுவில் ஒரு சாப்பாடு உண்டு. 'எஸ்மொர்சர்' என்று பெயர். செல்லமாக 'எஸ்மொர்சாரெட்'. விடிகாலையில் தோட்டத்தில் இறங்கிய கூலிக்காரர்களுக்காகத் தோன்றிய வழக்கம். ஸ்பெயினில் மதியச் சாப்பாடு இரண்டு மணிக்கு மேல்தான் என்பதால், அதுவரை தாங்க ஒரு முழுச் சாப்பாடே தேவைப்பட்டது.

முழங்கை நீள ரொட்டியைப் பிளந்து உள்ளே முட்டை ஆம்லெட், உருளைக்கிழங்கு, வதக்கிய வெங்காயம், இறைச்சி என்று கையில் அடங்காத அளவுக்கு அடைப்பார்கள். அது வருவதற்கு முன்பே மேஜைக்கு ஒரு தட்டு வந்துவிடும். அதில் ஆலிவ் காயும், வறுத்த வேர்க்கடலையும். ஆம், அங்கேயும் கடலைதான். தென் அமெரிக்காவில் பிறந்த வேர்க்கடலையைக் கப்பல்காரர்கள் உலகம் முழுவதும் கொண்டு போனார்கள். அது ஒரு பக்கம் வலென்சியாவின் தோட்டங்களுக்குப் போயிற்று. இன்னொரு பக்கம் மணிலாக் கொட்டை என்ற பெயரோடு தமிழ்நாட்டுக்கு வந்தது. கடைசியில், வெண்ணெயும் காரமும் சேர்ந்து, பன்னுக்குள் இருக்கிறது. வலென்சியாவில் இந்தச் சாப்பாட்டைச் சிறப்பாகப் போடும் கடைகளுக்கு விருது கொடுக்கிறார்கள். விருதின் பெயர் 'தங்கக் கடலை'.

அங்கே இன்றும் பெயின்டரும் லாரி டிரைவரும் வக்கீலும் ஒரே கடையில் இந்தச் சாப்பாட்டைச் சாப்பிடுகிறார்கள். அந்த வகையில் பெங்களூர் பேக்கரி வாசலும் அதே மாதிரிதான். வித்தியாசம் இரண்டு. அவர்கள் உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள். அவசரப்படாமல் சாப்பிடுகிறார்கள். கடைசியில் ரம்மைக் கொளுத்திச் செய்யும் ஒரு காப்பி வேறு. காலை பத்து மணிக்கு ரம் என்பதை யாரும் இங்கே சிபாரிசு செய்யப்போவதில்லை. ஆனால் அந்த நாற்காலியைப் பற்றி யோசிக்கலாம்.

பெங்களூர் நின்று சாப்பிடும் ஊர் ஆனது சமீப காலத்தில்தான். மல்லேஸ்வரம், காந்தி பஜாரின் பழைய ஓட்டல்களில் பளிங்குக் கல் மேஜையும் மர நாற்காலியும் உண்டு. 1983-ல் ஜெயநகரில் கஃபே தர்ஷினி தொடங்கியபோதுதான் கதை மாறியது. டோக்கன் வாங்கு, தட்டை எடு, நின்று சாப்பிடு, நகர்ந்து போ. சர்வர் இல்லை, நாற்காலி இல்லை, அதனால் விலையும் இல்லை. சில ஆண்டுகளில் நகரம் முழுவதும் தர்ஷினிகள் முளைத்தன. குறைந்த சம்பளக்காரருக்கு சுத்தமான இட்லி கிடைத்தது உண்மையில் பெரிய காரியம். ஆபீசில் உட்கார்ந்தே இருப்பவருக்குப் பத்து நிமிடம் நிற்பது சுகமாகக்கூட இருக்கும். காலையிலிருந்து நின்றே வேலை செய்தவர் சாப்பிடும்போதும் நிற்க வேண்டும் என்பதை மட்டும் யாரும் கணக்கில் எடுக்கவில்லை.

அந்தக் கணக்கை எடுத்த காலமும் பெங்களூரில் இருந்தது. சுதந்திரத்துக்கு முன்னும் பின்னும் இந்த ஊரில் பெரிய பொதுத்துறைத் தொழிற்சாலைகள் வந்தன. 1940-ல் எச்.ஏ.எல்., 1948-ல் ஐ.டி.ஐ., 1953-ல் எச்.எம்.டி., 1954-ல் பி.இ.எல். 1948-ன் தொழிற்சாலைச் சட்டம் இரண்டு விஷயங்களைத் தெளிவாகச் சொன்னது. தொடர்ந்து ஐந்து மணி நேரத்துக்கு மேல் யாரையும் வேலை வாங்கக்கூடாது, குறைந்தது அரை மணி நேரம் இடைவேளை வேண்டும். 250 பேருக்கு மேல் வேலை செய்யும் இடத்தில் கேன்டீன் வேண்டும். கேன்டீன் என்றால் கூரை, மேஜை, பெஞ்ச். அங்கே வேலை செய்தவர்களுக்குப் பசி ஒரு உரிமைப் பிரச்சினையாக இருந்தது. கேன்டீன் சாம்பார் தண்ணீராக இருந்தால் யூனியன் பேசும்.

எச்.எம்.டி. 1961-லிருந்து பெங்களூரில் கைக்கடிகாரம் செய்தது. நாட்டுக்கே நேரம் காட்டிய தொழிற்சாலை. எச்.எம்.டி. வாட்சஸ் நிறுவனத்தை மூடும் முடிவை மத்திய அரசு 2016-ல் எடுத்தது. ஒரு காலத்தில் சங்கு ஊதினால் பெஞ்சில் போய் உட்கார்ந்த வர்க்கத்தின் இடத்தில், இப்போது சங்கே இல்லாத ஒரு கூட்டம் வேலை செய்கிறது. தினக்கூலி பெயின்டருக்கு எது தொழிற்சாலை? டெலிவரி பையனுக்கு எது கேன்டீன்? நகரம் முழுவதும்தான் அவருடைய வேலையிடம். ஆகவே பேக்கரி வாசல்தான் அவருடைய கேன்டீன்.

அரசாங்கம் எதுவுமே செய்யவில்லை என்று சொல்ல முடியாது. சென்னையின் அம்மா உணவகத்தைப் பார்த்து 2017 ஆகஸ்டில் பெங்களூரில் இந்திரா கேன்டீன்கள் திறக்கப்பட்டன. தொடங்கியபோது காலைச் சிற்றுண்டி 5 ரூபாய், சாப்பாடு 10 ரூபாய். காலை, மதியம், இரவு என்று மூன்று வேளை. பதினோரு மணி என்று ஒரு வேளை இருப்பது திட்டம் போட்டவர்களுக்குத் தோன்றவில்லை. சாரத்தில் ஏறாதவர்களுக்கு அது தோன்றாதது இயற்கைதான்.

அந்த வேளையைத் தனியாகச் சுமக்கும் பேக்கரியின் நிலைமையும் சொல்லிக்கொள்ளும்படி இல்லை. வாடகை ஏறுகிறது. விறகு அடுப்பு இருந்த இடத்துக்கு மின் அடுப்பு வந்தது, மின் கட்டணமும் வந்தது. மாவு பிசைந்த அப்பாவின் பிள்ளைகள் கம்ப்யூட்டர் பக்கம் போய்விட்டார்கள். 2025 ஜூலையில் யு.பி.ஐ. வரவை வைத்துக் கணக்குப் போட்டு, கர்நாடக வணிக வரித் துறை ஆயிரக்கணக்கான சிறு கடைகளுக்கு ஜி.எஸ்.டி. நோட்டீஸ் அனுப்பியபோது, பேக்கரிகளும் டீக்கடைகளும் ஆடிப்போயின. பல கடைகளில் க்யூ.ஆர். அட்டை காணாமல் போய், 'ரொக்கம் மட்டும்' என்ற காகிதம் ஒட்டப்பட்டது. முதல்வர் சித்தராமய்யா வியாபாரிகளைக் கூப்பிட்டுப் பேசி, பழைய பாக்கி வசூலிக்கப்படாது என்று உறுதி சொன்ன பிறகுதான் போராட்டம் கைவிடப்பட்டது. வரி கேட்பது தவறல்ல. ஆனால் ஒரு பேக்கரி மூடினால் போவது ஒரு வியாபாரம் மட்டுமல்ல. அந்தத் தெருவில் வேலை செய்யும் ஐம்பது பேரின் இடைவேளையும் போகிறது. அந்த இடத்தில் வரும் புதிய கஃபேயில் நாற்காலி இருக்கும், மெத்தைகூட இருக்கும். சுண்ணாம்புக் கையோடு உள்ளே போக முடியாது.

செய்வதற்கு அதிகம் இல்லை. 2025-ல் சென்னை மாநகராட்சி அண்ணா நகரில் டெலிவரி ஊழியர்களுக்காக ஏ.சி. வசதியுள்ள ஓய்வறை ஒன்றைத் திறந்தது. உட்கார இடம், கழிப்பறை, செல்போன் சார்ஜ் செய்ய வசதி. அது ஒரு நல்ல ஆரம்பம். பெங்களூர் அந்த அளவுக்குக்கூடப் போக வேண்டியதில்லை. பேக்கரிகள் இருக்கும் நடைபாதையில் ஒரு மரமும் அதைச் சுற்றி ஒரு கல் திண்ணையும் போதும். பழைய பெங்களூரில் அரச மரத்தடிக்குக் கட்டை கட்டும் வழக்கம் இருந்தது. புதிதாக எதையும் கண்டுபிடிக்க வேண்டியதில்லை.

ஒவ்வொரு கார்த்திகை மாதக் கடைசித் திங்கள்கிழமையும் பசவனகுடியின் நந்தி கோயில் முன்னால் கடலைக்காய்த் திருவிழா நடக்கிறது. சுற்று வட்டார விவசாயிகள் மூட்டை மூட்டையாக வேர்க்கடலையைக் கொண்டு வந்து தெருவெல்லாம் குவிப்பார்கள். தோட்டத்துப் பயிரைத் தின்ன வந்த காளைக்கு முதல் விளைச்சலைப் படைத்து சமாதானம் செய்த கதைதான் அதன் ஆதி. பசித்து வந்ததை விரட்டாமல், அதற்கென்று ஒரு நாளும் ஓர் இடமும் ஒதுக்கிய ஊர் இது.

பேக்கரி வாசலில் மணி பதினொன்றேகால். பெயின்டர் டீ டம்ளரை வைத்துவிட்டு பீடியைத் தேடுகிறார். மேஸ்திரி கணக்குப் பேசுகிறார். டெலிவரி பையன் பன்னில் பாதியைத்தான் கடித்திருக்கிறான், செல்போன் அலறுகிறது. மீதிப் பன்னைக் காகிதத்தில் சுற்றிச் சட்டைப் பையில் செருகி, வண்டியை உதைத்துக் கிளப்புகிறான். பெட்டியில் யாருடையதோ ஒருவருடைய சாப்பாடு சூடு ஆறாமல் போகிறது. அவன் உதறிய காகித மூலையிலிருந்து தரையில் விழுந்த நாலைந்து கடலையை அணில் ஒன்று வந்து எடுக்கிறது, உட்கார்ந்து, நிதானமாகத் தின்கிறது.